நிறுவனங்களின் உத்தித் திட்டமிடல் வெறும் சடங்குதானா?

கேள்வி: பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் முறைப்படி திட்டமிட்டுத்தான் உத்தியை வகுக்கின்றன என்கிறார்கள். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது? இல்லை, வெறும் சடங்குதானா?

பாதி சடங்குதான். மீதிப் பாதிக்காகத்தான் அதை விடாமல் செய்கிறார்கள். திட்டமிடல் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

நடைமுறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வரும்: வட்டி, மூலப்பொருள் விலை, சந்தை வளர்ச்சி ஆகியவற்றுக்கு எந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், எதில் பணம் போட உத்தேசம் என்று. அதை வைத்து ஒவ்வொரு தொழில் பிரிவும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் திட்டம் எழுதி அனுப்பும். அப்புறம் தலைமை நிர்வாகியும் நிதித் தலைவரும் அதைக் குடைவார்கள். திருத்தம், இயக்குநர் குழுவின் ஒப்புதல் எல்லாம் முடிந்து முதல் ஆண்டின் எண்கள் பட்ஜெட் ஆகிவிடும்.

விஷயமே அந்தக் குடைச்சலில்தான் இருக்கிறது. பிரிவுகள் அனுப்பும் லாப வரைபடம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் இரண்டு ஆண்டு படுத்துக் கிடக்கும், மூன்றாம் ஆண்டிலிருந்து விறுவிறுவென ஏறும். ஹாக்கி ஸ்டிக் என்றே அதற்குப் பெயர். அடுத்த ஆண்டும் அதே படம்தான் வரும், ஏற்றம் மட்டும் ஓர் ஆண்டு தள்ளிப்போயிருக்கும். கெட்டிக்கார நிதித் தலைவர் அந்த ஏற்றத்தைப் பற்றி வாதாட மாட்டார். போன ஆண்டுத் திட்டத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, "இதில் நீங்கள் எழுதிய அனுமானங்களில் எது பொய்த்தது?" என்பார். யாரும் புரட்டாத அனுமானப் பக்கத்தைத் தேடி எல்லோரும் தாளைத் திருப்புவார்கள். இதற்கு மழுப்பாமல் பதில் வந்தால் போதும், மொத்த வேலைக்கும் கூலி கிடைத்தமாதிரி.

ஷெல் எண்ணெய் நிறுவனம் இந்த அனுமானங்களையே நேராகப் பிடித்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே பியர் வாக் என்பவரின் குழு, ஒரே கணிப்பை நம்பாமல், எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம் என்று பல சினாரியோக்களை எழுதியது. எண்ணெய் நாடுகள் பிடியை இறுக்கி விலை எகிறுவதும் அவற்றில் ஒன்று. 1973இல் அது நடந்தபோது, ஷெல் மேலாளர்களுக்கு அது ஏற்கெனவே உட்கார்ந்து யோசித்த நிலைமை.

ஆனால் உத்தி முழுவதும் திட்டத்திலிருந்தே வருவதில்லை. சிப் தயாரிக்கும் இன்டெல் 1985இல்தான் டிராம் (DRAM) என்ற கணினி மெமரி சிப் தொழிலைக் கைவிட முடிவெடுத்தது. தன்னை மெமரி நிறுவனமாகவே அது நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, எந்தச் சிப் அதிக லாபம் தருகிறதோ அதற்கே தொழிற்சாலைத் திறனை ஒதுக்கும் விதி, உற்பத்தியை மைக்ரோபிராசசர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருந்தது. மேலிடத்தின் முடிவு பின்னால் வந்து சேர்ந்தது. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் போன்ற மேலாண்மை அறிஞர்கள் திட்டமிடல் துறைகளைச் சாடியதும் இதனால்தான்: வகுத்த உத்தி ஒன்று, நடப்பில் உருவாகி வந்த உத்தி வேறு.

உங்கள் நிறுவனத்தில் நடப்பது சடங்கா என்று தெரிய, அழகான ஸ்லைடுகளைப் பார்க்க வேண்டாம். மூலதனச் செலவு எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்ற பட்டியலை, மூன்று ஆண்டுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்டத்தில் முன்னுரிமைகள் மாறிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் போகும் பணம் மட்டும் அதே விகிதத்தில் போய்க்கொண்டிருந்தால், சரி, சடங்கேதான்.