வெடித்த நட்சத்திரத்தில் தூசு விளைவது எப்படி?

கேள்வி: பெரும் நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறும்போது விண்வெளித் தூசு உண்டாகிறது என்று படித்தேன். அத்தனை வெப்பத்தில் தூசு ஆவியாகிவிடாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. வெடிக்கும் கணத்தில் அந்த வாயுவில் தூசு இருக்கவே முடியாது. ஆனால் சிதறிய வாயு நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. விரிய விரியக் குளிர்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 2,000 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், நட்சத்திரம் தன் ஆயுள் முழுவதும் சமைத்து வைத்த கார்பன், சிலிக்கான், ஆக்சிஜன் போன்றவற்றின் அணுக்கள் கூடித் துகள்களாகத் திரளத் தொடங்குகின்றன. வீட்டில் பெருக்கித் தள்ளும் தூசை நினைக்க வேண்டாம்; விளக்குச் சுடரின் மேல் கவிழ்த்த தட்டில் படியும் கரியைப் போல நுண்ணியது இது.

இதை ஆய்வாளர்கள் நேரடியாகவே கண்டனர். 1987 பிப்ரவரியில், நம் அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. சுமார் ஒன்றரை ஆண்டு கழிந்தபின், அதன் நிறமாலையில் (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவில்), நம்மை விட்டு விலகிச் செல்லும் மறுபக்க வாயுவின் ஒளி மட்டும் மங்கியது. நடுவே திரண்ட தூசு அதை மறைத்திருந்தது! ஆயினும் அன்று கணக்கில் வந்த தூசு மிகச் சொற்பம். சுமார் மைனஸ் 250 டிகிரிக் குளிரில் உள்ள தூசு தொலை அகச்சிவப்புக் கதிரில்தான் ஒளிரும் என்பதால், அதைக் காண 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகள், சூரியப் பொருண்மையில் ஏறக்குறைய பாதியளவு தூசு அங்கே இருப்பதைக் காட்டின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூமிகளுக்கு ஈடான பொருள் அது. பின்னர் சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கி, அந்தத் தூசு வெடித்த நட்சத்திரத்தின் சிதறலுக்குள்ளேயே விளைந்தது என்பதை உறுதிசெய்தது.

இத்தூசு முழுவதும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. சிதறல் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது உள்நோக்கித் திரும்பும் அதிர்ச்சி அலை துகள்களை அரித்துவிடும். எவ்வளவு தப்பும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடில்லை. ஆனால் சில தப்பின என்பதற்குக் கைமேல் சான்று உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், சூரியன் பிறக்கும் முன்பே உருவான சிலிக்கான் கார்பைடு துகள்கள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் கால்சியத்தின் ஒரு வகையான கால்சியம்-44 அளவுக்கு மீறி இருந்தது. வெடிப்பின் ஆழத்தில் உருவாகி, 60 ஆண்டுகளில் பாதியாகச் சிதையும் டைட்டானியம்-44தான் துகளுக்குள் சிக்கி, அப்படிக் கால்சியமாக மாறியிருக்கிறது. ஆகவே அந்த டைட்டானியம் தீரும் முன்பே, வெடிப்பின் சூடு தணிந்த சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ, அத்துகள்கள் உறைந்திருக்க வேண்டும்.