ஹேகர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். அடுத்து, கனடாவின் செவ்வியல் நாவல் என்று சொல்லப்படும் மார்கரெட் லாரன்ஸின் ‘தி ஸ்டோன் ஏஞ்சல்’ நாவலை ஆங்கிலத்திலேயே வாசிக்கப் போகிறோம். போன முறை பாதிப் பேர் புத்தகத்தை முடிக்காமலே வந்தார்கள். முடித்தவர்களும் ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தக் கதையோ முதியோர் இல்லம், மாமியார், மருமகள் என்று போகிறது. கூட்டம் குடும்பப் பஞ்சாயத்தாகிவிடுமோ என்று பயம். எப்படி நடத்துவது?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். அரை மணி நேரத்துக்குள் ‘ஹேகர் திமிர் பிடித்தவள்’ என்று ஒரு கட்சியும், ‘மருமகள் டோரிஸ் மட்டும் என்ன ஒழுங்கா’ என்று ஒரு கட்சியும் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு யாரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். இதில் உங்கள் குழுவைக் குறை சொல்ல முடியாது. கதையைச் சொல்வதே ஹேகர் ஷிப்லி என்ற 90 வயதுக் கிழவிதான். கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. கண்டதை நுணுக்கமாகச் சொல்வாள். கையோடு ஒரு தீர்ப்பும் வழங்கிவிடுவாள். அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, அவள் கண்ணில் பட்டதை மட்டும் எடுத்துப் பேச உங்கள் குழு பழகிக்கொண்டால் போதும்.

(நடத்துபவர் நீங்கள் என்பதால் கதையின் திருப்பங்களை உடைத்தே எழுதுகிறோம். மற்றவர்களுக்குக் கடைசிக் கூட்டம் முடியும்வரை இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.)

முதலில், முடிக்காமல் வருகிற சிக்கல். நாவல் பத்து அத்தியாயங்கள், சுமார் 300 பக்கம். ஒரே கூட்டத்துக்கு இது அதிகம். இரண்டு வார இடைவெளியில் மூன்று கூட்டம் வையுங்கள். நாளுக்கு ஏழெட்டுப் பக்கம் படித்தாலே போதும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். அதனால் எல்லையைச் சம்பவத்தால் குறியுங்கள். ‘சில்வர்த்ரெட்ஸ்’ முதியோர் இல்லத்தைப் பார்க்க ஹேகரை அழைத்துப் போவது வரை முதல் கூட்டம். அவள் வீட்டை விட்டு ஓடி, ஷேடோ பாயிண்ட்டில் பாழடைந்து கிடக்கும் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஒளிந்திருக்கும்போது அந்நியர் ஒருவர் உள்ளே வருகிறாரே, அதுவரை இரண்டாவது. மிச்சம் மூன்றாவது.

பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது காலத்தில்தான். டோரிஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். அடுத்த பத்தியில் ஹேகர் சிறுமியாக இருப்பாள். உண்மையில் குழப்பம் ஒன்றும் இல்லை. இன்றைய கதையும் வரிசையாகப் போகிறது, பழைய கதையும் ஏறக்குறைய வரிசையாகத்தான் வருகிறது. ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ‘இப்போது’, வலப்பக்கம் ‘அப்போது’ என்று அத்தியாயத்துக்கு இரண்டு வரி எழுதிவரச் சொல்லுங்கள். முதல் இரண்டு அத்தியாயத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பின்னணி விளக்கத்துக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நாவல் வெளிவந்தது 1964இல். ஹேகர் வளர்ந்த மனவாகா என்ற ஊர் வரைபடத்தில் கிடையாது. 1926இல் லாரன்ஸ் பிறந்த நீப்பவா என்ற சிற்றூரின் சாயலில் உருவானது. அது மனிடோபா மாகாணத்தில் இருக்கிறது. மனிடோபா கனடாவின் மாகாணமானது 1870இல். ஹேகர் ஏறக்குறைய அதன் வயதுக்காரி. ஸ்காட்லாந்திலிருந்து வந்து கடை வைத்து முன்னேறிய அப்பாவின் கர்வம் அப்படியே மகளிடம் இறங்கியிருக்கிறது. பிற்பகுதிக்கு 1930களின் வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் மகன் ஜான் ஏன் அப்படிச் சீரழிகிறான் என்பது பிடிபடாது. பைபிளில் ஆபிரகாமின் வீட்டிலிருந்து மகனோடு பாலைவனத்துக்குத் துரத்தப்படும் ஆகார்தான் இந்த ஹேகர் என்பதையும் சொல்லிவிடுங்கள். இஸ்லாமிய வாசகர்கள் இருந்தால் ஹாஜரா என்றதும் புரிந்துகொள்வார்கள்.

இனிப் பேச்சு. ‘ஹேகர் நல்லவளா?’ என்பது போன்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு பக்கத்தைக் காட்டி ஆரம்பியுங்கள். சாகக் கிடக்கும் சின்ன அண்ணன் டேனுக்காக, இறந்துபோன அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவனை அணைத்துக்கொள்ளும்படி ஹேகரிடம் சொல்கிறான் பெரிய அண்ணன் மேட். ஹேகரால் முடியவில்லை. மேட் தானே போர்த்திக்கொண்டு தம்பியை மடியில் ஏந்துகிறான். அந்தப் பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு, அவளுக்கு மனம் வரவில்லையா, மனம் இருந்தும் உடல் அசையவில்லையா என்று கேளுங்கள். பதிலுக்கு எல்லோரும் அந்த வரிகளுக்கே திரும்பியாக வேண்டும். இதையே மூத்த மகன் மார்வின் முதல் உலகப் போருக்குக் கிளம்பும் இடத்தோடு சேர்த்துப் படித்தால், இரண்டும் ஒரே நோய் என்பது தெரியும்.

ஆளுக்கொரு பொருளைப் பங்கு போட்டுக் கொடுப்பதும் நல்லது: கல்லறையில் நிற்கும் கல் தேவதை, குடும்பச் சின்னமாக உடையில் குத்திக்கொள்ளும் ஊசி, முட்டைக் கூடை. ஊசியை எடுத்துக்கொண்டவர் அது எப்படி ஒரு கத்தியாக மாறுகிறது, கத்தி என்ன ஆகிறது என்று கண்டுபிடித்து வருவார். முட்டையை எடுத்தவருக்கு அதிர்ஷ்டம். நாவலிலேயே குரூரமான சிறு காட்சி அவருக்குத்தான். ஹேகர் முட்டை விற்கப் போன வீட்டில் கதவைத் திறக்கும் சிறுமி, முட்டைக்காரி வந்திருப்பதாக அம்மாவிடம் குரல் கொடுக்கிறாள். அந்த அம்மா, சின்ன வயதில் ஹேகர் இளக்காரமாகப் பார்த்த லாட்டி. அதன் பிறகு ஹேகர் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பகுதியையும் விடாமல் வாசியுங்கள்.

முதியோர் இல்லப் பேச்சைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். முதல் கூட்டத்தின் கடைசி 20 நிமிடத்தை அதற்கென்று ஒதுக்கி, போனில் அலாரம் வையுங்கள். பேச்சைத் தொடங்க ஒரு விவரம் போதும்: ஹேகர் இரவில் படுக்கையை நனைக்கிறாள். அது அவளுக்கே தெரியாது. டோரிஸ் சொல்லித்தான் நமக்கும் தெரிகிறது. துணி துவைக்கும் டோரிஸுக்கும் அறுபது தாண்டிவிட்டது. கட்சி கட்டுபவர்கள் இங்கே கொஞ்சம் அடங்குவார்கள்.

கனடாவின் பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டிஸ் மக்களைக் குறிக்க இழிவான ஒரு சொல் அடிக்கடி வரும். உரக்க வாசிக்கும்போது அதை உச்சரிப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் பேசாமல் தாண்டிப் போக வேண்டாம். ஹேகரின் கர்வம் யார் தலைமேல் நிற்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டே பகுதிகள் போதும். கவிழ்ந்து கிடக்கும் கல் தேவதையை ஜான் எரிச்சலோடு தூக்கி நிறுத்தும்போது, அவன் பைபிளில் தேவதூதனோடு மல்லுக்கட்டிய யாக்கோபைப் போல இருக்கக்கூடாதா என்று ஏங்குகிறாள் ஹேகர். கடைசியில் மருத்துவமனையில் அவள் கையைப் பிடித்திருக்கும் மார்வினிடம்தான் யாக்கோபைக் காண்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். அந்த மார்வினிடம் அவள் சொல்லும் பொய் பொய்தானா என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

2007இல் வந்த படத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். முன்பே பார்த்தால் படிக்காதவர்கள் படத்தை வைத்தே சமாளித்துவிடுவார்கள். மனவாகா பிடித்துப்போனால் அடுத்து 1966இல் வந்த ‘எ ஜெஸ்ட் ஆஃப் காட்’ எடுங்கள், அதே ஊர், ஒரு பள்ளி ஆசிரியையின் கதை. 1974இல் வந்த ‘தி டிவைனர்ஸ்’ பெரிய புத்தகம். இந்த எட்டுப் பேரும் ஒழுங்காக முடிக்கப் பழகிய பிறகு பார்க்கலாம்.