பதின்ம வயதில் வீட்டுக்கல்வி: சட்டம் என்ன கேட்கிறது? (கேள்வி பதில்)

என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் படித்து, திறந்தநிலைப் பள்ளி (பள்ளிக்குப் போகாமலே பத்து, பன்னிரண்டு எழுத வழி தரும் மத்திய அரசின் என்.ஐ.ஓ.எஸ்.) மூலம் தேர்வு எழுதியவர்கள். அதே வழியில் வரும் குடும்பங்களுக்கு விண்ணப்பம், சான்றிதழ் வேலைகளில் துணை நிற்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சட்டம் பற்றியவை. பெரும்பாலும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் என்பதால் பதிலும் அதை ஒட்டியே.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: அக்கா, மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் சொல்லித்தர நினைக்கிறோம். சட்டப்படி தப்பா? கேஸ் ஏதும் வருமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. வீட்டுக்கல்வியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தடுக்கவும் இல்லை, அனுமதி என்று எழுதித் தரவும் இல்லை. "சட்டப்படி முழு அனுமதி உண்டு" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

14 முடிந்ததும் இந்தச் சட்டத்தின் பிடி விலகுகிறது. அதன்பிறகு நீங்கள் யோசிக்க வேண்டியதெல்லாம் சான்றிதழ்தான். அதனால் என் யோசனை: பையனுக்குப் பள்ளியில் பெரிய துன்பம் இல்லையென்றால் எட்டாம் வகுப்பை முடிக்கவிடுங்கள். எட்டு முடித்த டி.சி. கையில் இருந்தால் பின்னால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இருக்கும். கேலி, அடி, உடம்பு முடியாமை என்று பிள்ளை தினமும் வாடுகிறான் என்றால் காத்திருக்க வேண்டாம், கூட்டி வந்துவிடுங்கள்.

அதே அம்மா: நிறுத்தினால் பள்ளியிலிருந்து தேடி வருவார்களா?

வருவார்கள். வர வேண்டியது அவர்கள் வேலை. டி.சி. கொடுத்ததும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், பிள்ளை எங்கே என்ற கேள்வி வட்டார வள மையத்துக்கு வரும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. பட்டியலோடு ஓர் ஆசிரியரோ ஆசிரியப் பயிற்றுநரோ வீட்டு வாசலில் நிற்பார். குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்புதல் போன்றவற்றைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடு அது. அவரிடம் சண்டை போடாதீர்கள். உட்காரச் சொல்லி, பிள்ளையையே பேசவிடுங்கள்.

ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். பிறப்புச் சான்று, டி.சி. நகல், தேதி போட்ட நோட்டுகள், என்ன பாடம் எந்தப் புத்தகத்திலிருந்து நடக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதியது, எந்த ஆண்டு எந்தத் தேர்வு எழுதப்போகிறான் என்ற திட்டம். போன மாதம் செய்த கணக்கும், அதில் நீங்கள் சிவப்பு மையில் திருத்தியதும் வருபவர் கண்ணில் பட்டாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

மதுரையிலிருந்து ஒரு அப்பா: மேடம், கட்டண பாக்கி என்று டி.சி. தர மறுக்கிறார்கள்.

பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தக் கூடாது. டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது. தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். பாக்கியை நேர்மையாகத் தவணையில் கட்டுவது வேறு விஷயம், அதையும் செய்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 14 முடியப்போகிறது. என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு என்ன வேண்டும்? எட்டாம் வகுப்புச் சான்று எங்களிடம் இல்லை.

பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு 15. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்ற சுய உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறார்கள். வயதுக்குப் பிறப்புச் சான்று முக்கியம்.

ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழ் வழியிலும் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஒவ்வொரு பாடத்திலும் வீட்டில் எழுதி ஒப்படைக்கும் டி.எம்.ஏ. உண்டு, அதற்கு 20 சதவீத மதிப்பெண். பலர் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். கணக்குக்குப் பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பத்து முடித்த அடுத்த ஆண்டே பன்னிரண்டின் ஐந்து பாடத்தையும் முடித்துவிட முடியாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். கல்லூரி எந்த ஆண்டு என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

ஒரு தாத்தா, கும்பகோணம்: பேரனை டி.என்.பி.எஸ்.சி. எழுத வைக்க ஆசை. என்.ஐ.ஓ.எஸ். வழி போதுமா?

ஐயா, உங்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். மாநில அரசு வேலைக்குப் போகும்போது திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழ் மாநிலப் பாடத்திட்டச் சான்றிதழுக்குச் சமமா என்ற கேள்வி எழுவதுண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளி வழியாக இல்லாமல் நேரடியாக விண்ணப்பித்து, எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பையே தனித்தேர்வராக எழுதலாம், அதன்பின் பத்து. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். இந்தப் பதிவுக்கான அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும், அதைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

கோவையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, வீட்டில் படித்தால் நீட் எழுத முடியாது என்கிறார்கள்.

எழுதலாம்மா. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு முன்பு இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிமுறைகளால் தடை இருந்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் விஷயம் தெளிவானது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் உன் பாடங்களில் இருக்கட்டும். ஜே.இ.இ.க்கும் ஐந்து பாடங்களோடு முடித்த என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் செல்லும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா: மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. நிறுத்தினால் எதையாவது இழப்போமா?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்குத்தான். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறிலிருந்து படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. எட்டில் வெளியே வந்தால் இரண்டும் கைவிட்டுப் போகும். தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டையும், பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராகத் தமிழில் எழுதியதை வைத்துக் கேட்க முடியாது.

நான் வீட்டுக்கல்வியை மனதார விரும்புகிறவள். ஆனாலும் படிப்பில் சுட்டியான ஒரு பெண் மருத்துவர் ஆக வேண்டும் என்று சொல்கிறாள், வீட்டில் பண வசதி இல்லை என்றால், அந்த 7.5 சதவீதத்தை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அவளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வெளியே வருவதென்று முடிவானால் இருப்பிடச் சான்றை (நேட்டிவிட்டி) வாங்கி வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் அது தேவைப்படாது, உங்களுக்குத் தேவைப்படும்.

விருதுநகரிலிருந்து ஒரு அப்பா: பையன் 13, காலையில் படிப்பு, பகலில் என் கடையில் இருப்பான். பரவாயில்லையா?

கவனமாக இருங்கள் அண்ணா. 14 வயதுக்குக் கீழே வேலை எதுவும் கூடாது என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலை, படிப்பு நேரம் போக மிச்ச நேரத்தில். மற்ற பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கல்லாவில் இவன் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கல்வி என்று நீங்கள் சொல்வதை யாரும் ஏற்க மாட்டார்கள். நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு அம்மா: நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில், கட்டணம் வாங்கி நடத்தலாமா?

வாரம் ஒருநாள் கூடிப் படிப்பது, சேர்ந்து சுற்றுலா போவது எல்லாம் சரி. பெயர்ப்பலகை, தினசரி வகுப்பு, மாதக் கட்டணம் என்று வளர்ந்தால் அங்கீகாரம் இல்லாத பள்ளி ஆகிவிடும். அதற்கு ஒரு லட்சம் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 வரை. அந்தத் தண்டனை கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

வேலைக்காக ஜெர்மனி போகும் ஒரு தம்பதி: அங்கேயும் தொடரலாமா?

முடியாது. அங்கே பள்ளிக்குப் போவதே கட்டாயம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன பெற்றோரும் தோற்றிருக்கிறார்கள். போகும் முன்பே பள்ளி தேடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா: ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பிறப்புச் சான்றில் முன்னால். பிரச்சினை ஆகுமா?

ஆகும். ஒன்றில் 'எஸ். கவின்', இன்னொன்றில் 'கவின் சுந்தரம்' என்றிருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எது ஏறுகிறதோ அதுதான் கடைசிவரை வரும். விண்ணப்பிக்கும் முன்பே பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரை இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ திருத்திவிடுங்கள். அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். சான்றிதழ் அச்சாகி வந்தபின் ஓர் எழுத்தை மாற்றுவதற்கு அலைவதைவிட இப்போது ஒரு நாள் செலவழிப்பது மேல்.