பழைய ஓட்டலை இடிக்கப் போகிறார்களாம்: ஜோகன்னஸ்பர்க் கேள்வி பதில்

நகர மையத்தில் 1930-களில் கட்டிய ஆறு மாடி ஓட்டல் ஒன்று கைமாறியிருக்கிறது. இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டப் போவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆளாளுக்கு என்னைக் கேட்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருபது வருடம் இடிப்பு அனுமதி கேட்கும் விண்ணப்பங்களுக்குப் படம் வரைந்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மிட்ராண்ட்): அக்கா, அவர்கள் இடம், அவர்கள் காசு. இடிக்க யாரைக் கேட்க வேண்டும்?

இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். முதலாவது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் மாகாண மரபு ஆணையம். 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டம், 34-ஆம் பிரிவு: 60 வயது தாண்டிய எந்தக் கட்டுமானத்தையும் அந்த ஆணையத்தின் பெர்மிட் இல்லாமல் மாற்றவும் கூடாது, இடிக்கவும் கூடாது. சுவரில் நினைவுப் பலகை இருக்கிறதா, கட்டடம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில்லை. வயது ஒன்றுதான் கணக்கு. இரண்டாவது, நகராட்சி. தேசியக் கட்டட விதிகளின்படி இடிப்பதற்கு அங்கே எழுத்துமூல அனுமதி தனியாக வாங்க வேண்டும். ஒன்று கையில் வந்துவிட்டது என்பதற்காக மற்றதும் வந்ததாக ஆகாது. நான் பார்த்த பாதித் தகராறுகள் இதில் குழம்பித்தான் வந்தன.

கேள்வி (லாடியம்): லாங் வீக்கெண்டில் சத்தமில்லாமல் இடித்துவிட்டால்?

குற்றம்தான், தண்டனை உண்டு. ஆனால் பில்டருக்கு அபராதத்தைவிட வேறொன்றுதான் வலிக்கும். உரிமையாளர் குற்றவாளி என்று தீர்ப்பானால், 10 வருடம் வரை அந்த மனையில் எதுவும் கட்டக் கூடாது என்று உத்தரவு போட அதே சட்டத்தில் இடமிருக்கிறது. வங்கியில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும்போது வெறும் மனையை யார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

கேள்வி (லெனேசியா): என் தாத்தா அந்த ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். முன்வாசல் வழியாக ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. இந்தியர்களான நம்மை உள்ளே விடாத கட்டடத்தை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்ததே. 1893-இல் காந்தி இந்த ஊருக்கு வந்து கிராண்ட் நேஷனல் ஓட்டலில் அறை கேட்டார். மேலாளர் மரியாதையாகவே, இடமில்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு முகமது காசிம் கமருதீன் கடைக்குப் போய், அங்கிருந்த அப்துல் கனி சேட்டிடம் இதைச் சொன்னதும் அவர் சிரித்தாராம், ஓட்டலில் இடம் கொடுப்பார்கள் என்று எப்படி நினைத்தீர்கள் என்று. ஆகவே உங்கள் கோபம் நியாயமானது. இடிக்கட்டும் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் விண்ணப்பம் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். வரலாற்றுக் குறிப்பு எழுதுகிறவர் முகப்பைப் படமெடுப்பார், ஆர்க்கிடெக்ட் பெயரைத் தேடுவார், வரவேற்பறைத் தளத்தின் மொசைக்கைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவார். சமையலறைக்கு ஒரு வரிகூட வராது. நானே அப்படி எத்தனையோ படம் வரைந்து கொடுத்திருக்கிறேன், பின்படிக்கட்டை ஒரு கோடாகப் போட்டுவிட்டு. ஒரு சமூகத்தோடு ஓர் இடத்துக்கு இருக்கும் உறவும் மதிப்புதான் என்று அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் மரபு ஆணையத்துக்கு ஆட்சேபம்தான் எழுத வேண்டும் என்றில்லை, கருத்தாகவே எழுதுங்கள்: தாத்தா எந்த வாசலில் நுழைந்தார், எங்கே உடை மாற்றினார், எங்கே சாப்பிட்டார். இடிக்க அனுமதி கொடுத்தாலும், அதற்கு முன் பின்கட்டு முழுவதையும் அளந்து படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள்.

இன்னொன்று. நமக்கு முக்கியமான ஓட்டல் பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த ஊரின் முதல் கார்ல்டன் ஓட்டல் 1906-இல் திறந்தது, 1960-களில் இடித்துவிட்டார்கள். அடுத்த கார்ல்டன் 1972-இல் வந்தது. 1994 மே 2-ஆம் தேதி மண்டேலா வெற்றி உரை நிகழ்த்தியது அங்கேதான். அதற்கு 60 வயது 2032-இல்தான் ஆகும். அதுவரை 34-ஆம் பிரிவு அதைத் தொடாது.

கேள்வி (ஃபோர்ட்ஸ்பர்க்): கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கிறேன். லீஸ் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. புது முதலாளி மாத முடிவில் காலி பண்ணச் சொல்கிறார்.

கட்டடத்தை விற்றதால் லீஸ் செத்துவிடாது. வாங்கியவர் பழைய லீஸோடுதான் வாங்குகிறார், அது இந்த நாட்டில் வேரூன்றிய விதி. ஆனால் லீஸைத் தேடி எடுத்து, இடிப்பு அல்லது மறுகட்டுமானம் என்றால் இத்தனை மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லீஸ்களில் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். இருந்தால் அந்த நோட்டீஸ்தான் உங்களுக்கு. இல்லையென்றால் பேரம் பேசும் பலம் உங்கள் பக்கம். சாவியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மேல் மாடிகளில் மாத வாடகைக்கு வருடக்கணக்காகக் குடியிருப்பவர்கள்?

அது அவர்கள் வீடு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றவோ, வீட்டை இடிக்கவோ முடியாது. அரசியல் சாசனம் 26-ஆம் பிரிவு. தனியார் உரிமையாளர் வெளியேற்றினாலும், போக்கிடமில்லாதவர்களுக்குத் தற்காலிக இடம் தருவது இந்த நகராட்சியின் பொறுப்பு என்று 2011-இல் புளூ மூன்லைட் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அங்கேயே இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. தெருவுக்குத் தள்ள முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: அங்கே 14 வருடமாக வேலை. என்ன கிடைக்கும்?

ஆட்குறைப்பு என்றால் முடிவெடுக்கும் முன்பே உங்களோடு கலந்து பேச வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம், அதாவது 14 வாரம். அதற்கு மேல் நான்கு வார நோட்டீஸ், மிச்ச விடுமுறைக்குப் பணம். கலந்து பேசாமல் அனுப்பினால் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ-வில் புகார் கொடுங்கள்.

கேள்வி: வெடி வைத்துத் தகர்ப்பார்களா? பையன் பார்க்க ஆசைப்படுகிறான்.

2019 நவம்பரில் 31 மாடி பேங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடத்தை 894 கிலோ வெடிபொருள் வைத்துத் தகர்த்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான் போல. ஆறு மாடிக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவைப்படாது, மேலிருந்து ஒவ்வொரு தளமாகப் பிரித்துக்கொண்டு வருவார்கள். பையனுக்கு ஏமாற்றம்தான். அதற்கும் முன்னால் ஆஸ்பெஸ்டாஸை அதற்கென்று பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் எடுக்க வேண்டும். தூசி பறந்தால் பையனை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி (லெனேசியா, முன்பு கேட்டவரே): அங்கிருக்கும் மரப்படிக்கட்டையும் அச்சில் அழுத்திய உட்கூரைத் தகடுகளையும் விற்க ஒருவர் இப்போதே விலை பேசுகிறாராம். வாங்கலாமா?

பெர்மிட் வரும்வரை கூடாது. கட்டுமானம் என்றால் அதில் பொருத்திய சாமான்களும் சேர்த்தி என்றுதான் சட்டம் பொருள் சொல்கிறது. வந்த பிறகு, நிபந்தனையில் தடை இல்லையென்றால், தாராளமாக வாங்கலாம். ஓரிகன் பைன் பலகைக்கும் அந்தத் தகட்டுக்கும் இந்த ஊரில் எப்போதும் கிராக்கி. முன்படிக்கட்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள். பின்பக்கத்து இரும்புப் படியைப் பழைய இரும்புக்காரர்தான் எடை போட்டுக் கொண்டுபோவார். உங்களுக்கு வேண்டுமென்றால் இப்போதே கேட்டு வையுங்கள், ஒரு படியாவது.