வீட்டில் செய்யும் காளான் சூப் ஏன் நீர்த்துப்போய், மணமே இல்லாமல் வருகிறது?

பெரும்பாலும் காளானைச் சரியாக வதக்காததுதான் காரணம். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது வற்றினால்தான் ருசி இறங்கும்.

200 கிராம் பட்டன் காளானை நறுக்கி, அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெயில் நல்ல தீயில் போடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். முதலில் தண்ணீர் விட்டுக் குளம் போல நிற்கும். பயப்படாமல் விட்டுவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் சலசலப்பு அடங்கி, பொரிகிற சத்தம் கேட்கும். ஓரங்கள் பொன்னிறமாகி, அளவு பாதியாகச் சுருங்கியிருக்கும். அதுதான் பதம். அலங்கரிக்க ஒரு கைப்பிடி எடுத்துவையுங்கள்.

அதே வாணலியில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு. வதங்கியதும் ஒன்றரை டேபிள்ஸ்பூன் மைதா தூவி, பச்சை வாசனை போக ஒரு நிமிடம் கிளறுங்கள். அப்புறம் இரண்டு கப் காய்கறி வேகவைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். உப்பு போட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும்.

சற்று ஆறியதும் பாதியை மட்டும் மிக்ஸியில் அரைத்துச் சேர்ப்பேன். முழுவதும் அரைத்தால் குழந்தைக்கு ஊட்டும் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. மறுபடி சூடாக்கி, அடுப்பை அணைத்தபின் கால் கப் ஃப்ரெஷ் கிரீம், மிளகுத்தூள். கிரீம் ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகலாம்.