ஸ்கூட்டர் கரண்ட் கோளாறு கேள்வி பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

100 முதல் 125 சிசி வரையுள்ள பெட்ரோல் ஸ்கூட்டர்களின் கரண்ட் கோளாறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டி கார்புரேட்டரா, எஃப்.ஐ.யா (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை எலெக்ட்ரானிக்காகப் பீய்ச்சும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன்) என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய ஸ்கூட்டர் என்றால் எஃப்.ஐ.யாகத்தான் இருக்கும். கையில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி. செல்ஃப் அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. கிக்கரில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. மறுபடியும் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். டிக் டிக் சத்தம் வந்தால் ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் பிரேக் சுவிட்ச், செல்ஃப் பட்டன் பக்கம் போக வேண்டாம். இன்ஜினைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே நின்றுபோகிறது என்பதுதான் கேள்வி.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடாமல் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். அப்புறம் மீட்டரை எடுக்காமலே செல்ஃப் அமுக்குங்கள். 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியே பலவீனம். 12-ஐ ஒட்டி நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் வயர். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃப் அமுக்குங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரில்தான் கோளாறு. அந்த வயர் இன்ஜினில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றிப் பார்த்தால் துருவோ பச்சைக் களிம்போ இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி முனை வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கேயும் இதே வேலைதான். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எர்த் சரியாக இருந்து, பேட்டரிதான் சரிந்தது என்றால் சார்ஜிங் பாருங்கள். மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையில் படாதபடி வைத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் பேட்டரியில் 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஏறாமல் 12.5-லேயே நின்றால் மேக்னட் காயில் (இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குவது), ஆர்.ஆர். யூனிட் (அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்), நடுவில் வயர்களைச் சேர்க்கும் கப்ளர் இவற்றில் ஒன்று பழுது. அதைப் பார்க்காமல் எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் சீக்கிரமே படுத்துவிடும். 15-ஐத் தாண்டிப் போனால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி வெந்துபோகும்.

கேள்வி: எனக்கு டிக் சத்தம்கூட வரவில்லை.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். இரண்டு பிரேக்கிலும் தனித்தனியாகப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியாத பக்கத்து பிரேக் சுவிட்ச் போய்விட்டது. விளக்கு, ஹாரன் எதுவுமே இல்லை என்றால் ஃபியூஸ். புது மாடல் என்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்சையும் பாருங்கள்.

கேள்வி: ஃபியூஸ் அடிக்கடி போகிறது. இப்போதைக்கு சிகரெட் ஜிகினாத் தாள் சுற்றி ஓட்டுகிறேன்.

இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் இனி வயர் எரியும். அந்த வயர்கள் போவது பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில், நீங்கள் உட்காரும் சீட்டுக்குக் கீழே.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஃபியூஸைக் கழற்றி அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை வயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஆபத்து இருக்காது. சாவி போடாமலே எரிந்தால் ஷார்ட் சாவிக்கு முந்தைய வயரில், போட்ட பிறகு எரிந்தால் அதற்கு அடுத்த வயரில். இப்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். சீட்டுக்கு அடியில் போகும் வயர்க்கட்டை அசையுங்கள். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் வயர் உராய்ந்து பாடியைத் தொடுகிறது. ஹேண்டிலுக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியை முதலில் பாருங்கள், அங்கேதான் வயர் தினமும் மடிந்து நிமிர்கிறது. வீட்டில் எலி இருந்தால் சீட்டுக்கு அடியிலும் பாருங்கள்.

கேள்வி: சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க இவ்வளவு எதற்கு? வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால் போதும். இன்ஜின் நிற்காவிட்டால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் காலம் காலமாக இப்படித்தான்.

தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஏசி சிடிஐ (மேக்னட் கரண்டிலேயே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் யூனிட்) உள்ள கார்புரேட்டர் வண்டியில் பிளக்குக்குப் போகும் கரண்ட் மேக்னட்டில் உள்ள தனிக் காயிலிலிருந்து வருகிறது. சார்ஜிங் காயில் முழுதாக எரிந்திருந்தாலும் இன்ஜின் ஓடும். நீங்கள் "நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவைத்த வண்டி மறுநாள் செல்ஃப் எடுக்காமல் நிற்கும்.

கேள்வி (அவரே): நான் சொல்வது அனுபவம். ஒரு வண்டிகூடக் கெட்டதில்லை.

எந்தக் காலத்து வண்டிகள் என்று யோசியுங்கள். பழைய டிவிஎஸ் 50, லூனா இவற்றில் பேட்டரியே கிடையாது. மேக்னட்டிலிருந்து நேராக விளக்கு எரிந்தது. அங்கே கெட்டுப்போக எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. இன்றைக்கு ஓடும் வண்டியில் ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்வது பேட்டரிதான். அதைக் கழற்றிய நொடியில் வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும். எஃப்.ஐ. வண்டியில் அந்தத் துள்ளல் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஸ்பீடோமீட்டர், எல்இடி விளக்கு எல்லாவற்றுக்கும் போகும். இசியு விலை எத்தனை பேட்டரி விலை என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி (இன்னொருவர்): அந்த ஒர்க்‌ஷாப் பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. மீட்டர் இல்லாத ஊரில் என்ன செய்வது? பேட்டரி முனைகளை வயரால் உரசி ஸ்பார்க் வருகிறதா என்றாவது பார்க்கலாமா?

கூடாது. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதன் பக்கத்தில் பொறி ஆகாது. மீட்டர் இல்லை என்றால் பேட்டரியில் எரியும் விளக்கைப் பாருங்கள். இண்டிகேட்டர் ஐடிலில் மங்கலாகவும், ஆக்சிலேட்டர் முறுக்கினால் பளிச்சென்றும் எரிந்தால் ஓரளவு சார்ஜ் வருகிறது. ஆனால் சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்தான். அந்தப் பெரியவரின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரிடம் வரும் எஃப்.ஐ. வண்டிக்காரர்களுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: செல்ஃப் டிக் டிக் என்கிறது...

முதல் பதில்.

கேள்வி: ஹாரன் கம்மிய குரலில் அடிக்கிறது.

எர்த், அப்புறம் ஹாரன் பட்டனுக்குள் உள்ள காண்டாக்ட். இரண்டும் சுத்தமாக இருந்தால் மட்டும் ஹாரனைத் தொடுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி. அரைமணி நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது.

நின்ற உடனேயே பார்க்க வேண்டும், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. வேறொரு நல்ல பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோகத்தை இன்ஜினில் அழுத்திப் பிடித்துக் கிக் அடியுங்கள். கழற்றிய பிளக் துளைக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். நீலமாகப் பொறி வந்தால் கரண்டில் குறை இல்லை. பெட்ரோல் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம், மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பொறி இல்லை என்றால் பல்சர் காயில் (எப்போது பொறி அடிக்க வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்வது) மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் அளவைக் குறித்துவையுங்கள். காயில் பழுது என்றால், நின்றுபோன சூட்டில் மறுபடி அளக்கும்போது மீட்டர் அளவு காட்டாமல் OL அல்லது வெறும் 1 என்று நிற்கும். உள்ளே அறுந்த கம்பி சூட்டில் விலகி, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. அளவு மாறவில்லை என்றால் இக்னிஷன் காயில், கடைசியாக சிடிஐ.

கேள்வி: எல்இடி ஹெட்லைட் பல்பு போட்டேன், ஐடிலில் மின்னுகிறது.

உங்கள் வண்டியில் ஹெட்லைட் மேக்னட்டின் ஏசி லைனில் ஓடுகிறது. ஏசிக்கென்று வரும் பல்பு வாங்குங்கள், அல்லது பழைய 35/35 வாட் பல்பையே போடுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறவில்லை. எங்கே கழற்றிப் பார்ப்பது?

அது என் துறை இல்லை. கழற்றாமல் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எஃப்.ஐ. வண்டி. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. கிக்கரிலும் வரவில்லையே?

பெட்ரோல் பம்புக்கும் இசியுவுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரியைக் கழற்றி வெளியில் சார்ஜ் போட்டு மாட்டுங்கள். கழற்றும்போது சாவி ஆஃப், முதலில் நெகட்டிவ். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கேள்வி: வாட்டர் வாஷ் விட்ட மறுநாள் வண்டி திணறுகிறது. செல்ஃபும் டிக் டிக்.

பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே ஈரம் துடையுங்கள். சாவி துளையிலும் ஹேண்டில் சுவிட்சுகளிலும் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று அடுத்த முறை சொல்லிவிடுங்கள். டிக் டிக்குக்கு எர்த் போல்ட்டைக் கழற்றித் தேயுங்கள்.