எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடு: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தந்தை: கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் எங்கள் குடும்பம் இருக்கிறது. கோவையில் பொறியியல் படிக்கும் மகளுக்கு அது பயன்படுமா, ஐயா?

பதில்: அத்திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்குக் கிடைக்கும். தங்கள் குடும்பம் மத்திய அரசின் பயனாளிப் பட்டியலில் இருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள கோவை மருத்துவமனைகளிலும் மகள் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கேரள அரசு தானாகச் சேர்த்துக்கொண்ட குடும்பமென்றால், அந்த வசதி இருக்கும் என்று நம்பியிருந்துவிடாமல், 14555 என்ற எண்ணில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் பெயரும் தனியே சரிபார்க்கப்பட்டு, அவருக்கென்று அட்டை எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நின்று இதையெல்லாம் விசாரிக்கும் நிலை எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடாது.

களியக்காவிளையிலிருந்து ஒரு மாணவர்: திருவனந்தபுரத்தில் படிக்கிறேன், வயது 22. அப்பாவுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. எனக்குத் தனியாகத் தேவையா?

பதில்: அப்பாவைச் சார்ந்து படிக்கும் மகனுக்கு 21 வயது வரைதான் ஈ.எஸ்.ஐ. உண்டு. தங்களுக்கு 22 ஆகிவிட்டதால் தனியாகத் தேவை. அடுத்த பதிலில் சொல்லும் காப்பீடுகளைப் பாருங்கள்.  

புளியரையிலிருந்து ஒரு தாய்: அரசுத் திட்டம் எதிலும் நாங்கள் இல்லை. கொல்லத்தில் படிக்கும் மகனுக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. குறைந்த செலவில் எதை எடுக்கலாம்? இளைப்பைச் சொன்னால் மறுத்துவிடுவார்களோ?

பதில்: அம்மா, தங்களுக்குக் குடும்பக் காப்பீடு இருந்தால் மகனை அதில் சேர்ப்பதே பெரும்பாலும் மலிவு, பல நிறுவனங்கள் 25 வயது வரை ஏற்கின்றன. இல்லையெனில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ஆரோக்கிய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றே என்பதால், பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. அனுமதிக்கப்படும் செலவில் 5 சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 1 லட்சத்துக்கு எடுத்தால் 2,000 ரூபாய் அறையோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட அறையில் சேர்ந்தால் மற்றச் செலவுகளிலும் விகிதப்படி கழிப்பார்கள். எனவே பிரீமியம் குறைவு என்பதற்காக மிகச் சிறிய தொகைக்கு எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இளைப்பைக் கட்டாயம் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு (அந்த நோயின் செலவு கிடைக்காத தொடக்கக் காலம்) 36 மாதங்களைத் தாண்டக் கூடாது என்று 2024-இல் விதி வந்துவிட்டது. மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் ரத்தாகக்கூடும். முதல் 30 நாட்களில் விபத்துச் சிகிச்சை மட்டுமே கிடைக்கும் என்பதால், கல்லூரி திறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு மாணவி: தினமும் ஸ்கூட்டரில் எல்லையைக் கடக்கிறேன். வங்கியில் சொல்லும் 20 ரூபாய்க் காப்பீடு போதுமா?

பதில்: பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தைச் சொல்கிறீர்கள். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலான எவரும் சேரலாம், சேருங்கள். ஆனால் அது விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு மட்டுமே, 2 லட்சம் ரூபாய் வரை, பணம் தரும். மருத்துவமனைச் செலவைத் தராது. எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய மேலே சொன்னவற்றுள் ஒன்று தங்களுக்கும் தேவை. ஜூன் முதல் மே வரையே ஓராண்டு என்பதால், மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும்.